மாமனார் வீட்டு மேற்குச் சுவர்

சுரண்டி என்று அவனுக்குப் பெயர் வைத்தது கூட வேலை பார்க்கிறவர்கள்தான். பெயிண்ட் அடிக்கக் கூப்பிட்டால் முதல் வாரம் முழுக்கச் சுவரைச் சுரண்டிக்கொண்டே இருப்பான். வீட்டுக்காரர்கள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். அவன் அசர மாட்டான். "பெயிண்ட் அடிக்கறது ஒரு வேலையாங்க? பிரஷ்ஷைப் பிடிக்கத் தெரிஞ்ச யாரு வேணா அடிக்கலாம். அடிச்சது நிக்கணும்ல?" என்பான். சொன்னபடி நிற்கவும் செய்யும். அவன் கை பட்ட சுவர் உரிந்துவிட்டது என்று இதுவரை ஒருவர் வந்து சொன்னதில்லை. அந்தத் திமிர் அவனுக்குக் கொஞ்சம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே, தொழில் தெரிந்தவனுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

அப்படிப்பட்டவனுக்கு மாமனார் வீட்டுச் சுவரை மட்டும் தொடக் கொடுத்துவைக்கவில்லை. மாமனார் ஆயுசு முழுக்கப் பஸ் டிப்போவில் ஆட்களை விரட்டி வேலை வாங்கியவர். "சொந்தக்காரனை வேலைக்கு வெச்சா திட்ட முடியாது. திட்டாம வேலை வாங்க எனக்குத் தெரியாது" என்பது அவர் கட்சி. சின்ன மகள் ஒரு பெயிண்டரைக் கட்டிக்கொண்டதே அவருக்கு ஆறாத எரிச்சல். கல்யாணத்துக்கே வரவில்லை மனுஷன். மாமியார்தான், "நீங்க வராட்டி இருங்க. என் பொண்ணு கல்யாணத்துக்கு நான் போகாம யாரு போவா?" என்று பையைத் தூக்கிக்கொண்டு தனியாகக் கிளம்பி வந்தார். அந்த ஒரு காரியத்துக்காகவே அத்தை என்றால் சுரண்டிக்கு உயிர்.

வீடு தெருமுனையில் இருந்தது. மேற்குச் சுவர் முழுசாகத் தெருவைப் பார்த்து நிற்கும். போகிற வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது அதுதான். சாயங்கால வெயிலும் அதன் மேல்தான், சாய்ந்தடிக்கும் மழையும் அதன் மேல்தான். ஒவ்வொரு மழைக்காலமும் முடியும்போது பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி, உடைந்து, தோல் தோலாகத் தொங்கும். மூத்த மாப்பிள்ளைக்குப் பெயிண்ட் கடை. இருப்பதிலேயே விலை கூடிய டப்பாவை அவரே தேர்ந்தெடுத்து, ஆளையும் அவரே பிடித்து அனுப்புவார். அடுத்த மழைக்கு மறுபடியும் உரியும். மாமனார் அந்த ஆளைக் கூப்பிட்டு, நடுத்தெருவில் நிற்க வைத்துக் கிழிகிழியென்று கிழிப்பார்.

இப்படி மூன்று பேர் வாங்கிக் கட்டிக்கொண்டு போயிருந்தார்கள். கடைசியாக மாட்டியவன் நெட்டை. சுரண்டிக்கு அவனை நன்றாகத் தெரியும். சாரத்தில் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவன், சுத்தமான கை. மாமனார் அவனைத் திட்டியதோடு விட்டாரா? தெருவில் வருகிற போகிறவர்களை எல்லாம் நிறுத்தி, "அந்த நெட்டையை மட்டும் கூப்பிட்டுடாதீங்க, ஏமாத்துக்காரன்" என்று பிரச்சாரமே பண்ணினார். அந்தத் தெருவில் அவனுக்கு வேலை நின்றது. அப்புறம் அடுத்த தெருவிலும் நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது பேச்சு மறுபடி சுவருக்கு வந்தது.

"பெயிண்டர்னாலே ஏமாத்துக்காரப் பசங்கதான்" என்றார் மாமனார். சொன்ன பிறகுதான் எதிரில் உட்கார்ந்திருக்கிற சின்ன மாப்பிள்ளை ஞாபகம் வந்தது. "உங்களைச் சொல்லலை."

அந்த 'உங்களைச் சொல்லலை'தான் சுரண்டிக்குச் சுருக்கென்று தைத்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

"அந்தச் சுவரை என்கிட்ட விடுங்க மாமா" என்றான். மனைவி கீழே தொடையில் கிள்ளினாள். அவன் நிறுத்தவில்லை. "ஒரு மழைக்காலம் தாண்டட்டும். ஒரு நகக்கண் அளவு உரிஞ்சாக்கூட, நீங்க நடுத்தெருவுல நிக்க வெச்சு என்னையும் கிழிங்க. மாப்பிள்ளைன்னு பார்க்காதீங்க."

"நிஜமாத்தான் சொல்றீங்களா?"

"நிஜமாத்தான்."

"சரி, பார்ப்போம்" என்றார் மாமனார். "உங்க தொழில்ல ஒரு நல்லவனாவது இருக்கானான்னு பார்த்துடுவோம். ஆனா பெயிண்ட் பெரிய மாப்பிள்ளை கடையிலதான்."

பெரிய மாப்பிள்ளை, அதாவது சுரண்டியின் சகலை, பெருந்தன்மையாகத் தலையை ஆட்டினார்.

மறுநாளே வேலையை ஆரம்பித்துவிட்டான். தகட்டுக் கத்தியால் மேலிருந்து கீழே சுரண்ட, மூன்று பெயிண்டர்களின் வேலையும் ஒன்றன் மேல் ஒன்றாக உரிந்து வந்தது. பச்சை, அதற்கடியில் மஞ்சள், அதற்கும் அடியில் ஒரு சாம்பல். ஒட்டியிருந்த இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தான். உப்புப் பூத்த இடத்தை ஈரம் படாமல் தட்டிக் கூட்டினான். பாசி பிடித்த மூலைக்கு ப்ளீச்சிங் பவுடர் கரைத்து அடித்தான். விரிசல்களை இன்னும் அகலமாகக் கொத்தித் திறந்துவிட்டதைப் பார்த்து மாமனாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் மாப்பிள்ளையை எப்படித் திட்டுவது? ஏணியைத் திட்டினார். வாளியைத் திட்டினார். தெருவில் போன நாயைத் திட்டினார். மாமியாரோ அரை மணிக்கு ஒரு தரம் வந்து, "மாப்பிள்ளை உடம்பெல்லாம் தூசியாயிடுச்சே" என்று நல்ல பீங்கான் கோப்பையில் டீ கொண்டுவந்து ஏணிக்கு அடியில் நின்றார்.

சுரண்டி முடித்துச் சுவர் நிர்வாணமாக நின்றபோதுதான் அவனுக்குச் சந்தேகம் வந்தது. மேல்பாதி வெயிலில் காய்ந்து வெளுத்துவிட்டது. இடுப்புக்குக் கீழே மட்டும் கறுத்தே கிடந்தது. மழை பெய்து எத்தனையோ நாளாகிறது; இந்த ஈரம் எங்கிருந்து வருகிறது?

பாலிதீன் தாளைச் சதுரமாக வெட்டி, மேலே ஒன்று, கீழே ஒன்று சுவரில் வைத்து, நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டினான்.

"என்ன இது, சுவருக்குப் பிளாஸ்திரியா?" என்றார் மாமனார்.

"ஆமா மாமா, காய்ச்சல் இருக்கான்னு பார்க்கறேன்."

இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் மேலே இருந்த தாள் காய்ந்த ஓலை மாதிரி சரசரத்தது. கீழே இருந்த தாளின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். ஆக, காய்ச்சல் உள்ளேதான். சுவரே தண்ணீர் குடித்திருக்கிறது. யார் கொடுத்தது?

அன்று சாயங்காலமே விடை கிடைத்தது. மாமனார் நண்பர்களோடு நடக்கப் போயிருந்தார். மறந்து வைத்துவிட்ட கத்தியை எடுக்கச் சுரண்டி திரும்பி வந்தான். மாமியார் ரப்பர் குழாயோடு நின்றுகொண்டிருந்தார். சுவரை ஒட்டி அவருடைய பூச்செடிப் பாத்தி. செங்கல் வரிசை கட்டி, முழங்கால் உயரத்துக்கு மண் நிரப்பியிருந்தார். செடிகளுக்குத் தண்ணீர் விட்டு முடித்தவர், குழாயை உயர்த்திச் சுவரின் கீழ்ப்பாதியை நனைக்க ஆரம்பித்தார். குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. பாலிதீன் தாளை மட்டும் மரியாதையாகச் சுற்றிக்கொண்டு போனார்.

"அத்தை, என்ன பண்றீங்க?"

"அடுப்படி கொதிக்குது மாப்பிள்ளை. மத்தியானம் பூரா இந்தச் சுவரு வெயிலைக் குடிச்சு வெச்சுக்குது. சாயங்காலம் இப்படிக் கொஞ்சம் நனைச்சு விட்டாத்தான் உள்ள மனுஷன் நிக்க முடியுது. செடிக்கும் ஆச்சு, சுவருக்கும் ஆச்சு."

"எத்தனை நாளா?"

"செடி வெச்சதுலேர்ந்தே."

சுரண்டிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. வருஷக்கணக்காக இந்த அம்மாள் சுவருக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். பாத்தி மண் ஈரத்தைப் பிடித்துவைத்துச் சுவருக்கு ஊட்டியிருக்கிறது. சகலை தேர்ந்தெடுத்து அனுப்பிய, தண்ணீர் புகாத உசத்திப் பெயிண்ட், உள்ளே போன தண்ணீரை வெளியே விடாமல் கதவைச் சாத்தியிருக்கிறது. வெயில் ஏற ஏற அது முட்டிக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. இதில் எந்தப் பெயிண்டர் என்ன பண்ண முடியும்?

அன்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னான். அவள் வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ, அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. அம்மாவை உயிரோட இருக்கற வரைக்கும் சொல்லிக் காட்டுவாரு. சாப்பாட்டுல உப்பு குறைஞ்சாக்கூட, சுவரையே உரிச்சவதானேம்பாரு."

"அப்ப நெட்டை?"

அவள் தட்டை எடுத்து வைக்கப் போய்விட்டாள்.

மறுநாள் நெட்டையைத் தேடிக்கொண்டு போனான். உயரமாகச் சாரம் கட்ட இன்னொரு ஆள் வேண்டும்; அவனே வந்தால் நன்றாக இருக்கும் என்று ஆசை. நெட்டை ஒரு கடையின் ஷட்டருக்குத் துரு எடுத்துக்கொண்டிருந்தான். சின்னச் சின்ன வேலையாகத்தான் கிடைத்துக்கொண்டிருந்தது.

"உங்க மாமனார் தெருவுக்கா? ஆளை விடுப்பா" என்றான். "என் பொண்ணு கூடவே இருந்தா அன்னைக்கு. அப்பாவை ஏன் அந்தத் தாத்தா திருடன்னு சொல்றாருன்னு கேட்டா. நான் அடிச்சதுல என்ன தப்புன்னு இன்னிவரைக்கும் எனக்குத் தெரியலை. தெரிஞ்சாலாவது மனசு ஆறும்."

சுரண்டிக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினான்.  ஒரு வார்த்தை போதும், நெட்டையின் பெயர் கழுவின மாதிரி ஆகிவிடும். ஆனால் அந்தத் தண்ணீரை அத்தையின் தலையில் அல்லவா ஊற்றவேண்டும்? இதை வேறு எப்படியும் சரி பண்ணலாம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு திரும்பினான். எப்படி என்று மட்டும் தெரியவில்லை.

முதலில் சுவர் நிற்கட்டும் என்று வேலையில் இறங்கினான். "சாரம் கட்ட இடம் வேணும் மாமா, பாத்தியை நகர்த்தணும்" என்று ஒரு பொய்யைத் தூக்கிப் போட்டான். செடிகளை ஒவ்வொன்றாக, வேரைச் சுற்றி மண் கட்டியோடு பெயர்த்து, ஈரச் சாக்கில் சுற்றி, வாசலுக்கு மறுபக்கம் வெட்டிய புதுப் பாத்தியில் இறக்கினான். பெயிண்ட் டப்பாவைத் தூக்கிப் போடுகிற கை, செடியைத் தொட்டபோது அப்படி மெதுவாக இருந்தது.

"திரும்ப இங்கயே வெச்சுடுவீங்கல்ல மாப்பிள்ளை?" என்றார் மாமியார்.

"அங்க காலை வெயில் நல்லா படுது அத்தை. பூக்கட்டும், பார்ப்போம். அப்புறம், சுவருக்கு வெளிர் நிறமா அடிச்சுடறேன். அடுப்படி சூடு பாதி குறையும்."

மாமியார் கீழே இருந்த பாலிதீன் தாளுக்குள் நிற்கிற தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

பாத்தி மண்ணை அள்ளிய இடத்தில் சுவரின் அடி, ஊறிப்போய்ச் சொதசொதவென்று இருந்தது. கெட்ட பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, அப்படியே காயப் போட்டான். ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று. சுரண்டி தினம் வந்து சுவரில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் ஆகலை" என்று போய்விடுவான். மாமனாருக்குத் தெருவில் தலைகாட்ட முடியவில்லை. "என்ன சார், வீட்டை இடிக்கறீங்களா?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள்.

சகலையும் வந்தார், கையில் ஒரு புது வாளியோடு. "இது ரப்பர் மாதிரி. நாளைக்கே அடிச்சுடுங்க. தண்ணி ஒரு சொட்டு போகாது."

"ஒரு சொட்டு வெளியேயும் வராது சகலை. எனக்குச் சாதாரண வெளிச்சுவர் பெயிண்ட் போதும். மூச்சு விடற பெயிண்ட்டா, வெள்ளையா குடுங்க."

"மாமனார் வீட்டுக்கு மட்டமானதையா அடிப்பீங்க? என் மானம் போகுது."

"உரிஞ்சா போறது என் மானம்தானே? குடுங்க."

சகலை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் கேட்டதை அனுப்பினார். சுவர் அடிவரை வெளுத்து, தட்டினால் கணீரென்று சத்தம் வந்த அன்றுதான் சுரண்டி கலவையைக் குழைத்தான். விரிசல்களை அடைத்தான், அடிப்பூச்சுப் பூசினான், அதையும் காய விட்டான். பாத்தி இருந்த இடத்தில் தண்ணீர் தெருப்பக்கம் வழிந்து ஓடும்படி சரிவாகச் சிமெண்ட் போட்டான். பிரைமர் ஒரு கை, மேலே வெள்ளை இரண்டு கை. சாரத்தைப் பிரித்தபோது அந்தத் தெருமுனையே பளிச்சென்று ஆகிவிட்டது.

மழை வந்தது. சும்மா வரவில்லை, பேய் மாதிரி வந்தது. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அவன் போய்ப் பார்க்காத மழை கிடையாது. பயந்து போகவில்லை, ரசிக்கப் போனான். தண்ணீர் சுவரில் இறங்கி, சரிவில் ஓடி, தெருவுக்குப் போய்க்கொண்டே இருந்தது. மழைக்காலம் முடிந்து வெயில் ஏறியது. சுவரில் ஒரு கொப்புளம் இல்லை.

மாமனார் எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

"பார்த்தீங்களா சுவரை?" என்றார். சுரண்டி நிமிர்ந்து உட்கார்ந்தான். மாமனார் மூத்த மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினார். "கடைசில சரியான பெயிண்ட்டைக் கண்டுபிடிச்சுக் குடுத்துட்டீங்களே! முன்னாடியே இதைக் குடுத்து, அந்த ஏமாத்துக்காரப் பசங்க கையில கொடுக்காம இருந்திருந்தா எப்பவோ நின்னிருக்கும். அந்த நெட்டையை இன்னும் நாலு வாங்கு வாங்கியிருக்கணும்."

சகலை, மூச்சு விடுகிற பெயிண்ட் வேண்டாமென்று சண்டை போட்டவர், "எல்லாம் ஒரு அனுபவம்தான் மாமா" என்று சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டார். அடப்பாவி மனுஷா!

சுரண்டிக்குக் காது ஜிவ்வென்றது. தன்னைச் சொல்லாததுகூடப் போகட்டும். நெட்டையின் பெண் கேட்ட கேள்வி மண்டைக்குள் ஓடியது. வாயைத் திறந்தான். எதிரில் மாமியார் பரிமாறிக்கொண்டு நின்றார். வாயை மூடினான். வாழ்க்கையில் எந்தச் சபையிலும் வாயை மூடாதவன், மூடிக்கொண்டு சாப்பிட்டான். 

மாமியார் கரண்டியைப் பாத்திரத்துக்குள் போட்டார். அந்தச் சத்தத்தில் எல்லோரும் திரும்பினார்கள்.

"சுவரு பெயிண்டால நிக்கலை. நான் தண்ணி ஊத்தறதை நிறுத்தினேன், அதனால நிக்குது."

"என்ன தண்ணி?" என்றார் மாமனார்.

"தினம் சாயங்காலம் நீங்க நடக்கப் போனதும் குழாயைப் பிடிச்சு அந்தச் சுவரை நனைப்பேன். அடுப்படி வெந்துச்சு, நனைச்சேன். செடியையும் ஒட்டி வெச்சிருந்தேன். அதுதான் உள்ள ஊறி ஊறி உரிஞ்சிருக்கு."

"அத்தை, விடுங்க, இப்ப எதுக்கு அதெல்லாம்" என்றான் சுரண்டி.

"நீங்க சும்மா இருங்க மாப்பிள்ளை." மாமியார் நிறுத்தவில்லை. "இவருக்கு அன்னைக்கே தெரியும். அந்தத் தாளுக்குள்ள தண்ணியைப் பார்த்து எனக்கும் புரிஞ்சுது. இவரு ஒரு வார்த்தை சொல்லலை. சாரம் கட்டணும்னு ஒரு பொய்யைச் சொல்லி, என் செடி ஒண்ணுகூடப் பட்டுப்போகாம எடுத்து அந்தப் பக்கம் வெச்சாரு. நான் ஏன் இத்தனை நாள் சொல்லலைன்னு கேட்பீங்க. பயம். உங்க வாய்க்குப் பயம். இப்ப அந்த நெட்டைப் பையனை மறுபடி ஏமாத்துக்காரன்னு சொல்றீங்க பாருங்க, அதுக்கு மேல என்னால முடியலை. அவன் ஏமாத்தலை. திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க. இங்க வேணாம்னா நடுத்தெருவுக்கே வரேன்."

சின்ன மகள் எழுந்து போய் அம்மாவின் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

மாமனார் வாய் திறந்தபடி இருந்தது. இதோ வெடிக்கப் போகிறார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். வெடிக்கவில்லை. பெரிய மாப்பிள்ளையைப் பார்த்தார். அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கடைசியில் சுரண்டியைப் பார்த்தார்.

"அந்த நெட்டை... சரியாத்தான் அடிச்சிருந்தானா?"

சுரண்டி நிமிர்ந்து பார்த்தான். "சுத்தமா அடிச்சிருந்தான் மாமா. சுரண்டும்போது நானே பார்த்தேனே, ஒரு இடம் விடலை. அந்த ஈரத்துல நான் அடிச்சிருந்தாலும் உரிஞ்சுதான் இருக்கும்."

தன் கை வேலை உரியும் என்று அவன் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை.

மாமனார் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்தார். சட்டையை மாட்டினார்.

"அவன் வீடு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். சாப்பிட்டு முடிச்சுட்டுப் போலாம் மாமா. இல்லாட்டி நாளைக்கு."

"இப்பவே வாங்க. மத்த ரெண்டு பேர் எங்க இருக்காங்கன்னும் அவனையே கேட்போம்." சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "இவ எதுக்கு நடுத்தெருவுக்கு வரணும்? அங்க நின்னு திட்டினது நான். அவன் தெருவுல, நாலு பேர் பார்க்க நடுவுல நின்னு, நான் சொன்னது தப்புன்னு நானே சொல்றேன். அவன் பொண்டாட்டி புள்ளைங்க இருந்தா அவங்களையும் வெளியே வரச் சொல்லுங்க."

அவர் வாசலில் செருப்பைத் தேடித் தடவிக்கொண்டிருந்தார். மாமியார் போய் எடுத்துப் போட்டார்.